பண்டிகைப் பணத்தை ஊருக்கு எப்படிச் செலவிடலாம்? ஒரு சேகரக் கமிட்டிக்கு முன்னால் உள்ள ஐந்து வழிகள்

தென் மாவட்டக் கிறிஸ்தவச் சபைகளில் அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காய் நூறு ரூபாயில் ஆரம்பிக்கும். மும்பையிலிருந்து ஊருக்கு வந்திருக்கும் ஒருவரும் உள்ளூர்க் கடைக்காரர் ஒருவரும் விட்டுக்கொடுக்காமல் ஏற்றிக்கொண்டே போவார்கள். கடைசியில் அந்தப் பூசணிக்காய் ஆயிரங்களில் போய் நிற்கும். சேவல், வாழைத்தார், கருப்பட்டி, ஆட்டுக்கிடா என்று வரிசையாகப் போய் முடியும்போது சபைக்கு ஒரு நல்ல தொகை சேர்ந்திருக்கும். அடுத்த கமிட்டியில் கோபுரத்துக்குப் பெயிண்ட், மைக் செட் ரிப்பேர் எல்லாம் பேசி முடித்த பிறகு யாராவது ஒருவர் கேட்பார்: "சரி, நம்ம ஆட்களுக்கு மட்டும்தானா? அக்கம்பக்கத்துக்கு என்ன செய்யப் போறோம்?"

அப்போது வரும் யோசனைகள் எந்தச் சேகரத்திலும் (ஒரு குருவின் கீழ் இயங்கும் சபைகளின் தொகுப்பு) ஏறக்குறைய ஒன்றுதான். அரிசிப் பை கொடுப்போம். மருத்துவ முகாம் போடுவோம். பிள்ளைகளுக்கு டியூஷன் வைப்போம். கோயிலைச் சேர்ந்த பாரிஷ் ஹாலை எல்லாருக்கும் திறந்து விடுவோம். எப்போதாவது ஒருவர், பெரும்பாலும் பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்தவர், படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பற்றிச் சொல்வார். அது அப்படியே அடங்கிப் போகும்.

ஒரு நடுத்தரச் சேகரத்தை மனதில் வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், வாரத்தில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கும் ஒரு ஹால், வாரம் ரெண்டு மணி நேரம் தரக்கூடிய பத்துப் பேர். இந்த மூன்றையும் வைத்து எதைச் செய்வது? என் ஓட்டு அடங்கிப்போன அந்தக் கடைசி யோசனைக்குத்தான். ஏன் என்று சொல்வதற்கு மற்றதையும் பார்க்க வேண்டும்.

அதற்கு முன்னால், காசே செலவாகாத ஒரு காரியம். கோயிலுக்கு எதிர்வீட்டில் இருப்பவரிடம் போய், "எங்களால் உங்களுக்கு ஏதாவது இடைஞ்சல் உண்டா?" என்று கேட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் வீட்டு கேட்டை மறித்து நிற்கும் பைக்குகள், பண்டிகைப் பாத்திரம் கழுவிய தண்ணீர் தெருவில் ஓடுவது, குழாய் ஒலிபெருக்கி அவர் ஜன்னலைப் பார்த்துக் கட்டியிருப்பது என்று ஒரு பட்டியலே வரும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. டிசம்பரில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக்கொண்டு போகும் கீதபவனி நடுராத்திரி தாண்டித் தெருவில் போகும்போது, விடிகாலை ஷிப்டுக்குப் போகிறவர் வீட்டு வாசலில் டிரம் அடிப்பதை நாம் சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இதைச் சரிசெய்யாமல் அரிசிப் பையோடு போய் அவர் வீட்டுக் கதவைத் தட்டினால் எப்படியிருக்கும்?

சரி, அரிசிப் பைக்கே வருவோம். கமிட்டிக்கு ரொம்பப் பிடித்த வழி இது, ஏனென்றால் ஒரே நாளில் முடியும், போட்டோ வரும், கணக்கு எழுதுவது சுலபம். ஒரு பை ஐந்நூறு ரூபாய் என்றால் முந்நூறு பையில் ஒன்றரை லட்சமும் தீர்ந்தது. ஆனால் தமிழ்நாட்டில் அரிசி கிடைக்காத வீடு எத்தனை? 2011-லிருந்து ரேஷனில் அரிசி இலவசம். பள்ளிப் பிள்ளைகளுக்கு 1982-லிருந்து விரிவான சத்துணவுத் திட்டம் இருக்கிறது. 2022-ல் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தது. பிறகு அது அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் நீண்டது, அவற்றில் நம் திருமண்டலப் பள்ளிகளும் அடக்கம். அரசாங்கம் மூட்டையாகக் கொடுக்கிற அதே பொருளை நாம் பையாகக் கொடுத்து என்ன ஆகப்போகிறது?

பசி இல்லை என்று சொல்ல வரவில்லை. அது வேறு இடத்தில் இருக்கிறது. பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் போய்விட்ட வீட்டில் தனியாக இருக்கும் பாட்டியிடம் ரேஷன் அரிசி இருக்கும், அதைப் பொங்கி இறக்கத் தெம்பு இருக்காது. காலையில் வாங்கிய ரெண்டு இட்லியில் ஒன்றை ராத்திரிக்கு மூடி வைத்திருப்பார். அவருக்கு வேண்டியது வெந்த சோறும், அதைக் கொண்டுவந்து கொடுக்கும்போது ரெண்டு நிமிடம் பேசுகிற ஆளும். பதினைந்து வீட்டுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது முந்நூறு பையைவிடக் கஷ்டமான வேலை. ஆனால் தேவை இருக்கிற இடம் அதுதான்.

அசனத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பண்டிகையில் ஊரையே கூப்பிட்டுப் பந்தி போடுவது பசிக்காகச் செய்வதில்லை. புளியம்பட்டி, உவரி போன்ற அந்தோணியார் திருத்தலங்களில் எந்த மதத்துக்காரரும் வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போகிறார்கள், வேண்டுதலுக்காக அசனம் கொடுக்கிறவர்களிலும் எல்லா மதத்தாரும் உண்டு. முந்தின நாள் ராத்திரி முழுக்க வெங்காயமும் கத்தரிக்காயும் நறுக்கிக்கொண்டே பெண்கள் பேசுகிற பேச்சில் ஊரின் பாதிப் பிணக்கு தீரும், மீதி புதிதாக ஆரம்பிக்கும். அது இருக்கட்டும். யார் யாரோடு ஒரே பந்தியில் உட்காருகிறார்கள் என்பதை மட்டும் ஒவ்வொரு சேகரமும் தன்னையே கேட்டுக்கொள்ளட்டும். சாதி நம் கோயில் வாசலோடு நின்றுவிடுகிறது என்று சொல்ல யாருக்கும் தைரியம் வராது.

அடுத்தது மருத்துவ முகாம். ஒரு ஞாயிறு மத்தியானம், ஹாலில் நான்கு மேஜை, பிரஷர் பார்க்க ஒரு நர்ஸ், சுகர் பார்க்க ஒருவர், தெரிந்த டாக்டர் ரெண்டு பேர். வருகிறவர்களில் பலருக்கு ஏற்கெனவே சுகர் இருப்பது தெரியும். பத்து நாள் மாத்திரை வாங்கிப் போவார்கள். பதினோராவது நாள்? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாத முகாம் நடத்துகிறவர்களுக்குத்தான் திருப்தி தரும். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. முகாமில் புதிதாகக் கண்டுபிடிக்கிறவர்களை அந்தப் பட்டியலில் சேர்த்துவிட முடிந்தால் முகாமுக்கு அர்த்தம் உண்டு. இல்லையென்றால் வேண்டாம்.

இந்த விஷயத்தில் நம்மிடமே பழைய பாடம் இருக்கிறது. வேலூரில் 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர், பிறகு குடியாத்தம் போகிற வழியில் குறிப்பிட்ட இடங்களில் வாரம்தோறும் வண்டியை நிறுத்தி நோயாளிகளைப் பார்த்தார். இன்ன கிழமை வண்டி வரும் என்று ஜனங்களுக்குத் தெரியும், காத்திருந்தார்கள். அது சி.எம்.சி. என்ற பெரிய ஆஸ்பத்திரியாக வளர்ந்ததைப் பேசுகிற அளவுக்கு அந்த வாராவாரம் என்பதை நாம் பேசுவதில்லை.

முகாம்களில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நான் கைதூக்குவேன், கண் முகாம். கண்புரைக்கு ஒரு அறுவைச் சிகிச்சையில் தீர்வு கிடைக்கிறது, அதனால் ஒரு நாள் வேலைக்கும் பலன் நிற்கும். 1976-ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் மருத்துவமனை இதற்கு ஒரு முறையே வகுத்து வைத்திருக்கிறது. இடம், விளம்பரம், ஆட்களைத் திரட்டுவது எல்லாம் உள்ளூர் அமைப்பின் பொறுப்பு. டாக்டர்கள் வந்து பார்த்து, அறுவை தேவைப்படுகிறவர்களை வண்டியில் கூட்டிப்போய், லென்ஸ் வைத்து, சாப்பாடும் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். நோயாளிக்குச் செலவில்லை. ரோட்டரிகளும் லயன்ஸ் சங்கங்களும் செய்கிற வேலையை ஒரு சேகரமும் செய்யலாம். செலவு பெரும்பாலும் நோட்டீஸ், ஆட்டோ மைக், டீ, பந்தல்தான். நோட்டீஸைக் கோயில் பலகையில் ஒட்டினால் நம் ஆட்கள் மட்டும்தான் வருவார்கள். ரேஷன் கடை, டீக்கடை, பால் சொசைட்டி, அம்மன் கோயில் பக்கத்து மின்கம்பம் எல்லாவற்றிலும் போக வேண்டும். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு யார் கூட்டிப்போவது என்பதையும் அன்றைக்கே எழுதிவைத்துவிட வேண்டும்.

டியூஷனைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பள்ளிக்கூடம் நம் சபைகளின் ரத்தத்தில் ஊறியது. 1890-களிலேயே பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் தனித்தனியே மிஷன் பள்ளிகள் நடந்தன. அந்தப் பெருமையில், மாலை வகுப்பு என்றால் கமிட்டி உடனே சம்மதித்துவிடும். ஜூலையில் முப்பது பிள்ளைகள், ஆறு வாலிபர்கள் என்று ஜோராக ஆரம்பிக்கும். நவம்பரில் செமஸ்டர் தேர்வு என்று ரெண்டு வாலிபர் நிற்பார்கள், டிசம்பரில் கேரல்ஸ் என்று எல்லாருமே நிற்பார்கள். ஜனவரியில், பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆள் உண்மையிலேயே வேண்டிய நேரத்தில், கதவு பூட்டியிருக்கும். சம்பளத்துக்கு ஒரு டீச்சரைப் போட்டால் நிலைக்கும், ஆனால் நம் பணத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். 2021-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டத்தில் அரசு தன்னார்வலர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்ததற்குக் காரணம் இருக்கிறது.

பிள்ளைகளைச் சேர்க்கிற எந்தத் திட்டமானாலும் ஒரு விதியை முதல் நாளே எழுதி ஒட்ட வேண்டும். பெரியவர் ஒருவர் தனியாகப் பிள்ளைகளோடு இருக்கக் கூடாது, எப்போதும் ரெண்டு பேர், கதவு திறந்தே இருக்க வேண்டும். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைக் கமிட்டியில் ஒருமுறை படித்து விளக்க ஒரு வக்கீலைக் கூப்பிடுங்கள். "நம்ம உபதேசியார் தங்கமான மனுஷன்" என்பது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது.

டியூஷனுக்குப் பதில் ஹாலையே வாசிப்புக் கூடமாகத் திறந்து விடுவது எனக்கு மேலாகத் தெரிகிறது. ஒற்றை அறை வீட்டில் டிவிக்கும் குக்கர் விசிலுக்கும் நடுவே படிக்கிற பிள்ளைக்கு வேண்டியது டியூப் லைட், ஃபேன், மேஜை, சத்தமில்லாத மூன்று மணி நேரம். டி.என்.பி.எஸ்.சி.க்கும் போலீஸ் தேர்வுக்கும் படிக்கிறவர்கள் எந்தச் சின்ன ஊரிலும் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பூங்காவிலும் நூலகத்துத் திண்ணையிலும் உட்கார்ந்து படிக்கிறார்கள். அவர்களுக்கு ரெண்டு நாளிதழும் பழைய வினாத்தாள்களும் ஒரு கழிப்பறையும் போதும். மின்கட்டணமும் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளைக்குக் கொஞ்சம் கூடுதல் சம்பளமும் தவிர செலவில்லை. சாவியைக் கோயில்பிள்ளை மட்டும் வைத்திருந்தால் நடக்காது, படிக்கிறவர்களில் பொறுப்பான ஒருவரிடம் இன்னொரு சாவி இருக்க வேண்டும். கமிட்டியில் இதற்குத்தான் பெரிய சண்டை வரும். நாற்காலி உடையும், சுவரில் கிறுக்குவார்கள், வேறு மதத்துப் பையனிடம் சாவியா என்று கேட்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலி உடையத்தான் செய்யும், வேறொன்று வாங்கிக்கொள்ளலாம்.

ஹாலுக்கு இன்னொரு வேலையும் உண்டு, வெள்ளக் காலத்தில் அடைக்கலம் கொடுப்பது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனபோது, பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்களிடம் இருந்ததைச் சமைத்து அவர்களுக்குப் போட்டார்கள். அதற்கு அவர்கள் கமிட்டி கூட்டித் தீர்மானம் போடவில்லை. ஆனால் ஒரு சேகரம் முன்கூட்டியே தயாராக இருக்கலாம். நம்மிடம் அசனத்துக்கான அண்டா இருக்கிறது, பெரிய அடுப்பு இருக்கிறது, நூறு பேருக்குச் சோறு வடிக்கத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். மாடியோ உயரமான தளமோ இருந்தால், அண்டாவை மாடிக்கு ஏற்றி வைத்துவிட்டு ஒரு ஜெனரேட்டர், பத்து டார்ச், ஐம்பது பாய், பெண்களுக்குத் தாழ்ப்பாள் சரியாக உள்ள தனிக் கழிப்பறை என்று அக்டோபருக்குள் முடித்துவிடலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் ஹாலின் முகவரியையும் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஹால் தாழ்வான இடத்தில் இருந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள், நம்மையே வேறு யாராவது காப்பாற்ற வேண்டியிருக்கும்.

இனி நான் ஓட்டுப் போடும் வழி. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர், இடுப்பெலும்பு முறிந்து எழ முடியாத பாட்டி, ஆஸ்பத்திரி கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்ட புற்றுநோயாளி என்று எந்தத் தெருவிலும் ஒருவராவது இருப்பார், தெருவில் பலருக்கு அது தெரியாது. பார்த்துக்கொள்வது பெரும்பாலும் ஒரே ஆள், மனைவி அல்லது மருமகள். அவர் மூன்று மாதமாக ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருக்க மாட்டார்.

இந்த வீட்டில் என்ன வேண்டும் என்பதைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் தெரியும். படுத்தே இருப்பவரை ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகின் அடியிலும் குதிகாலிலும் தோல் சிவந்து, கறுத்து, புண்ணாகிவிடும். தனி ஒரு பெண்ணால் எழுபது கிலோ மனிதரைப் புரட்ட முடியாது. விரிப்பை அவருக்கு அடியில் மடித்துப் போட்டு, ரெண்டு பேர் ரெண்டு பக்கம் பிடித்துத் திருப்பும் விதம் ஒன்று இருக்கிறது. நர்ஸ் ஒருமுறை காட்டினால் யாரும் கற்றுக்கொள்ளலாம். காற்று மெத்தை இருந்தால் புண் வரும் வாய்ப்பு குறையும். விலை சில ஆயிரம்தான், ஆனால் அப்படி ஒன்று இருப்பதே அந்த வீட்டுக்குத் தெரிந்திருக்காது. வீல்சேர், வாக்கர், ஓட்டை போட்ட கழிப்பறை நாற்காலி எல்லாம் சில மாதங்கள் மட்டும் வேண்டியவை. ஒருவருக்குப் பிறகு இன்னொருவருக்குப் போகக்கூடியவை. மூன்று வீல்சேர், நான்கு காற்று மெத்தை, ஆறு வாக்கர், நான்கு கழிப்பறை நாற்காலி என்று வாங்கிவைத்து ஒரு நோட்டில் எழுதி இரவல் கொடுத்தால், ஒன்றரை லட்சத்தில் பாதிகூடத் தாண்டாது. மீதியில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவருக்கு வாரம் ஒரு நாளுக்குப் படி கொடுக்கலாம்.

நர்ஸின் வேலையை நாம் செய்யக் கூடாது. புண்ணுக்குக் கட்டுப்போடுவது, குழாய் மாற்றுவது, மாத்திரையின் அளவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலேயே வீட்டுக்கு வரும் வலிநிவாரணப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிப் பதிய வைக்க ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். 2023-ல் 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகைக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கவும், மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு முகாமுக்குக் கூட்டிப்போகவும் அதே ஆள்தான் வேண்டும். நம் பத்துப் பேரின் வாரம் ரெண்டு மணி நேரம் இங்கேதான் நன்றாகப் பயன்படும். ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே, அந்த மருமகள் குளித்துவிட்டுக் கடைக்குப் போய்வருவார்.

இது நடக்குமா என்று கேட்பவர்களுக்குக் கேரளத்தைக் காட்டலாம். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் சின்னதாக ஆரம்பித்த வலிநிவாரணப் பராமரிப்பு, பிறகு மலப்புறம் போன்ற மாவட்டங்களில் ஊர்க்காரர்களின் சில்லறைக் காசிலும் தன்னார்வலர்களின் வாராந்தர நேரத்திலும் பரவியது. 2008-ல் அந்த மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. மசூதி, கோயில், கட்சி என்று பாராமல் எல்லா வகை ஆட்களும் அதில் இருக்கிறார்கள்.

நம் சபைகளில் இதற்கான பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. பெண்கள் ஐக்கிய சங்கம் நோயாளிகளைப் பார்க்க வீடு வீடாகப் போகிறது. சமைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்துக் கோயிலுக்குக் கொடுத்த பாட்டிமார்களின் பேத்திகள் அவர்கள். இதுவரை போவது நம் சபை வீடுகளுக்கு. அடுத்த வீட்டுக்கும் போக வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் சிக்கலும் வரும். பைபிளோடு ரெண்டு பெண்கள் வாசலில் வந்து நின்றால், "மதம் மாத்த வந்திருக்காங்க" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அந்தச் சந்தேகத்துக்குக் காரணமே இல்லை என்று நாம் நடிக்க வேண்டாம். இந்த வேலைக்குப் போகும்போது துண்டுப் பிரதி கூடாது. அவர்களாகக் கேட்காமல் ஜெபம் கூடாது. ஞாயிறு ஆராதனைக்கு அழைப்பும் கூடாது. நம் சபைப் பெண் ஒருவரோடு அந்தத் தெருவிலேயே இருக்கும் வேறு மதத்துப் பெண் ஒருவரும் சேர்ந்து போனால் இன்னும் நல்லது. கமிட்டியில் ஒருவர் எழுந்து, "அப்போ இதை ஏன் சபை செய்யணும், பஞ்சாயத்து செய்யட்டுமே" என்பார். நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினான், சத்திரக்காரனிடம் பணம் கொடுத்தான், மேல்செலவு ஆனால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். காயம்பட்டவன் எந்த ஆலயத்துக்குப் போகிறவன் என்று கேட்டதாக அந்தக் கதையில் இல்லை. திரும்பி வருகிறேன் என்று சொன்னதைத்தான் நான் இங்கே முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அரிசிப் பைக்கும் முகாமுக்கும் இல்லாத பொறுப்பு அது.

பணத்தில் ஒரு எச்சரிக்கை. இப்படி ஒரு வேலை ஆரம்பித்தது தெரிந்தால் டொரோண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் சொந்தக்காரர்கள் பணம் அனுப்ப முன்வருவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சம்பாத்தியத்திலிருந்து கொடுத்தால் பிரச்சினை இல்லை. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர் கொடுத்தால், வெளிநாட்டு இந்தியர்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. அதைப் பெற எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ்ப் பதிவும், டெல்லியில் உள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கென்று ஒரு கணக்கும் வேண்டும். பதிவு உள்ள வேறொரு அமைப்பு வாங்கி நமக்குத் தருவதையும் அந்தச் சட்டத்தின் 2020 திருத்தம் தடுத்துவிட்டது. ஏலப் பணத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் ஒரு சேகரத்துக்கு நிம்மதி.

ஒரு சேகரம் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் ஆட்களைப் பொறுத்தது. வாலிபர்கள் நிறைய, ஹால் நல்ல இடத்தில், பெண்கள் சங்கம் பலவீனம் என்றால் வாசிப்புக் கூடத்தை எடுங்கள். ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் நர்சுகளும் இருந்தால் வீட்டுப் பராமரிப்புதான், சந்தேகமே இல்லை. ஒரு நாள் வேலைக்கு மட்டும்தான் ஆள் தேறும் என்றால் கண் முகாம். ஆறு மாதத்துக்கு மேல் தாங்காது என்று தோன்றினால் படுக்கையில் இருப்பவர் வீட்டுக்குப் போகவே வேண்டாம். ரெண்டு மாதம் வந்து பழகிவிட்டு நின்றுபோகிறவர்கள் அந்த வீட்டுக்குச் செய்வது உபகாரம் இல்லை.

தீர்மானம் போடுவதற்கு முன்னால் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. கோயிலைச் சுற்றியுள்ள மூன்று தெருக்களில் எத்தனை பேர் படுக்கையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் தனியாகச் சமைக்க முடியாமல் இருக்கிறார்கள், எத்தனை பேர் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள் என்று கணக்கெடுக்க வேண்டும். பால்காரரும் ரேஷன் கடைக்காரரும் அங்கன்வாடி அக்காவும் முக்கால்வாசியைச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தாளை அடுத்த கமிட்டியில் மேஜை மேல் வைத்துவிட்டு, அதற்கப்புறம் ஓட்டெடுப்பு வையுங்கள்.